ஏழு பெடலும் ஒரு பெட்டியும்

அத்தியாயம் 14

பெரியவள் அந்தப் பெட்டியை உதைத்தாளா இல்லையா என்று கேட்டு இந்த வாரம் மூன்று கடிதங்கள். உதைக்கவில்லை. காலைத் தூக்கினாள், அம்மா பார்த்துவிட்டாள், காலை இறக்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நாற்பத்து மூன்று வயதிலும் அம்மா முறைத்தால் கால் தானாக இறங்குகிற குடும்பம் அது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. பெரியவள் கிட்டார்காரி. வார நாட்களில் இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பாள், விடுமுறை நாட்களில் ஹோட்டல் மாடியிலும் கடைத் திறப்பு விழாவிலும் வாசிப்பாள். பெரிய நாடக அரங்கில், மேடைக்கு முன்னால் பள்ளமாக இருக்கும் குழியில், இசைக்குழுவோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய பதினொரு வருஷத்து ஆசை. அங்கே இருந்த கிட்டார்காரர் விலகிவிட்டதால் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று நான்கு மணிக்குப் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், புது நாடகத்தில் கிட்டாரின் தொனி முப்பத்தொரு தடவை மாறுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி சின்னவன், அக்காவைக் கேட்காமலே ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

காலை எட்டரை மணி. சாப்பாட்டு மேஜையின் இடது பக்கத்தில் ஒரு பழைய அலமாரிக் கதவு. அதன்மேல் சோப்புப் பெட்டி அளவில் ஏழு பெடல்கள், ஆளுக்கொரு நிறம், குட்டி ஒயர்களால் ஒன்றோடொன்று கோத்திருந்தன. வலது பக்கத்தில் சின்னவனின் கறுப்புப் பெட்டி. அதில் ஒரு சின்னத் திரை, அளவை மாற்ற ஒரு திருகு, கால் வைக்க ஆறு பித்தான்கள். இரண்டுக்கும் நடுவில் அம்மா தன் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். ஒயர் என்றால் அவளுக்கு இன்னும் கை பரபரக்கும்.

"சண்டையை அப்புறம் போடுங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இதுல எது என்ன பண்ணும்?"

"ஒவ்வொரு பெடலுக்கும் ஒரே வேலைம்மா," என்றாள் பெரியவள். "இந்த ஆரஞ்சு சத்தத்தைக் கரகரன்னு ஆக்கும். இந்த நீலம் எதிரொலி. இந்தப் பச்சை சத்தத்தை அலையாட விடும். காலால மிதிச்சா வேலை செய்யும், இன்னொரு தடவை மிதிச்சா சும்மா இருக்கும்."

"அது?"

"அதுக்குள்ள இது எல்லாமே இருக்கும்மா," என்றான் சின்னவன். "இந்த மாதிரி இருநூறு."

"இருநூறா! எல்லாத்தையும் வாசிச்சுப் பாக்கறதுக்குள்ள இவளுக்குப் பல்லு விழுந்துடுமே."

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்," என்றாள் பெரியவள். "அதைத்தான் நானும் ஒரு வாரமா சொல்றேன்."

"தச்சன் வெட்டறானோ இல்லையோ, இசைப் புத்தகம் பதினேழாம் பக்கத்துல நீ என்ன பண்ணப்போறே? கரகரப்பை நிறுத்தணும், எதிரொலியையும் அலையையும் போடணும். மூணு பெடல், ஒரே தாளம். உனக்கு இருக்கறது ரெண்டே கால்தான்க்கா."

"உக்காந்துதானே வாசிக்கறேன். ரெண்டு காலும் சும்மாதான் இருக்கும்."

"மூணாவது காலை எங்கே வாங்கப்போறே?"

பெரியவள் செருப்பைக் கழற்றினாள். அலமாரிக் கதவைத் தரையில் இறக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இடது காலின் குதிகால் பச்சையில், பெருவிரல் நீலத்தில், வலது கால் ஆரஞ்சில். பெருவிரலால் பெடலின் திருகைக்கூடத் திருப்புவாள் அவள். வாசித்துக்கொண்டே மிதித்தாள். முதல் தடவை மூன்றும் சரியாக விழுந்தன. இரண்டாவது தடவை எதிரொலி வரவில்லை. மூன்றாவது சரி. நாலாவதில் பச்சை தப்பிவிட்டது.

"நாலுக்கு ரெண்டு," என்றாள் அம்மா. "நான் இப்படி வேலை பாத்திருந்தா பாதி ஊரு தப்பான ஆளோட பேசியிருக்கும்."

"தப்பட்டும்மா. அந்தப் பெட்டியோட சத்தம் செத்த சத்தம். என் பெடல்ல உயிர் இருக்கு."

"இருக்கா இல்லையான்னு கேட்டுப் பாத்துட்டாப் போச்சு. இதுக்கு எதுக்கு ஒரு வாரமா மல்லுக்கு நிக்கறீங்க?"

அம்மா இதைச் சும்மா வாய் வார்த்தையாகத்தான் சொன்னாள். சின்னவன் கப்பென்று பிடித்துக்கொண்டான். அக்கா ஒருமுறை வாசிக்கட்டும், எந்தத் தொனியும் சேர்க்காமல் பதிவு செய்துகொள்கிறேன் என்றான். அதே வாசிப்பை ஒரு தடவை பெடல் வழியாகவும் ஒரு தடவை பெட்டி வழியாகவும் அனுப்புவான். அவன் உள் அறையில் இருப்பான், ஸ்பீக்கர் கூடத்தில் இருக்கும். எது எது என்று சொல்ல மாட்டான்.

"அளவெல்லாம் ஒண்ணா வைக்கணும்டா. ஏமாத்தக் கூடாது."

"உன் பெடலைப் பாத்து அப்படியே பெட்டில ஏத்தறேன். நீ பக்கத்துலயே வராதே."

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. திருகு எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். ரிப்பேருக்குக் கொடுத்தாலும், பையில் உரசித் திருகிக்கொண்டாலும், புள்ளியைப் பார்த்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். சின்னவன் அறையில் முட்டி போட்டு உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகப் பார்த்து, அந்த அளவுகளைப் பெட்டிக்குள் ஏற்றினான். அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா கதவுக்கு வெளியே நின்று, முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று ஆறு தடவை கேட்டாள்.

"ஒண்ணு!" என்று உள்ளே இருந்து கத்தினான்.

கூடத்தில் கிட்டார் எழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெரியவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு!"

அதே வாசிப்பு, அதே இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட அப்படியே வந்தது.

"ரெண்டாவதுதான்," என்றாள் அம்மா. "மொதல்ல வந்தது காதைக் கிழிக்குது."

"ஒண்ணுதான்," என்றாள் பெரியவள் அதே நேரத்தில். "ரெண்டாவது மூடி போட்ட மாதிரி இருக்கு. பாத்தியா, அதான் பெட்டி. நான் சொல்லலை?"

அவள் சொன்னது சரி. இரண்டாவதாக வந்ததுதான் பெட்டி. ஆனால் சின்னவனுக்கு உறைத்தது வேறு. இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாதே என்று அவன் மறுபடி முட்டி போட்டான். ஆரஞ்சுப் பெடலில், கீச்சென்ற மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கூர்மைத் திருகைச் சுற்றி ஒரு புள்ளி இல்லை, மூன்று புள்ளிகள் இருந்தன. பளிச்சென்று ஒரு சிவப்பு. கொஞ்சம் மேலே தள்ளி ஒரு பழுப்பு. அதற்கும் மேலே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற, நிறமே இல்லாத ஒன்று. திருகு அந்தக் கடைசிப் புள்ளியில்தான் நின்றது. இவன் கண்ணில் பட்ட சிவப்பைப் பார்த்துப் பெட்டியில் ஏற்றியிருக்கிறான்.

"அக்கா, சிவப்பு எப்போ வச்சது?"

"அதெல்லாம் பழசுடா. ஆறு வருஷம் இருக்கும். மேல இருக்கறதுதான் இப்போ."

"சரி, தப்பா வச்சுட்டேன். மாத்தறேன்."

மற்ற பெடல்களையும் பார்த்தான். கூர்மைத் திருகு இருக்கிற எல்லாவற்றிலும் இதே கதை. சிவப்பு, பழுப்பு, நிறமில்லாதது. எதுவும் கீழே இறங்கவில்லை. எல்லாம் ஏறிக்கொண்டே போயிருந்தன.

கடைசிப் புள்ளிகளின் அளவைப் பெட்டியில் ஏற்றிப் போட்டான்.

"ஐயோ, நிறுத்துடா!" அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இப்பதான் சரியா இருக்கு," என்றாள் பெரியவள். அவள் குரலில் ஆச்சரியம். "டேய், இப்போ ரெண்டும் ஒண்ணுதாண்டா! எனக்கே வித்தியாசம் தெரியலையே."

சின்னவன் வாசிப்பை நிறுத்தினான். பெடல் பக்கம் மாற்றி, ஆரஞ்சை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா விட்டான். கிட்டார் சத்தம் எதுவும் இல்லை. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவனைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வான்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பின் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள், குனிந்து மோந்து பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"கேஸ் எல்லாம் மூடித்தான் இருக்கு. பின்ன எங்கேருந்துடி இந்தச் சத்தம்?" ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனாள். "அட, இதுலேருந்துதான். உஸ்ஸுன்னு. லைன்ல காத்து வருமே, அது மாதிரி."

"எந்தச் சத்தம்மா?"

"இதோ இதுதான்."

பெரியவள் எழுந்து வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தாள். துணிக்குக் கிட்டத்தில் காதை வைத்தாள்.

"எது?"

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் சின்னவன் ஆரஞ்சுப் பெடலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணுமில்லக்கா. ஒயர் கொஞ்சம் லூஸ்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே," என்றாள் அம்மா. "அவகிட்ட சொல்லு."

அவன் சொன்னான். சுற்றி வளைக்காமல், புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னான். பெரியவள் பெடலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தன் கையால் தானே வைத்த புள்ளிகள். ஒவ்வொரு தடவையும் பெடல் மந்தமாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று நினைத்துத்தான் ஏற்றினாள். மந்தமானது பெடல் இல்லை.

அவளுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். போன மாதம் ஹோட்டலில் டிரம்ஸ்காரன், உன் கிட்டார் ரொம்பக் கிழிக்குது என்று சொன்னபோது, பொறாமை பிடித்தவன் என்று திட்டிவிட்டு வந்தவள் அவள். அவன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான்.

"அப்போ நான் இத்தனை நாளா எல்லார் காதையும் கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"ரொம்ப இல்லக்கா."

"வாயை மூடுடா."

பெரியவள் அழுதாள். சத்தம் போட்டெல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கலாம். அது வேற. இன்னைக்கு நாலு மணிக்கு என்ன பண்ணப்போறே, அதைச் சொல்லு."

சின்னவனுக்கு யோசனை தயாராக இருந்தது. "பெட்டியை எடுத்துக்கிட்டுப் போகலாம். சிவப்புப் புள்ளி அளவைப் போட்டுச் சேமிச்சுடறேன். முப்பத்தொரு தொனியும் உள்ள இருக்கும். நீ பித்தானை மிதிச்சாப் போதும், எதையும் திருக வேண்டாம். யாருக்கும் தெரியாது."

"அப்போ அங்கே வாசிக்கப்போறது நானா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவளா?"

"விரல் உன்னோடதுதானே?"

அவள் அலமாரிக் கதவைப் பார்த்தாள். ஏழு பெடலையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவள். ஆனால் அவற்றை எடுத்துக்கொண்டு போனால் கை சும்மா இருக்காது. இரண்டு பக்கம் வாசித்ததும், என்ன இது மந்தமா இருக்கே என்று தோன்றும். பெருவிரல் தானாகப் போய்த் திருகும். பெட்டியில் இருப்பது எண்கள். எண் காதைக் கேட்டு ஏறாது. உயிர் இருக்கிறது, செத்திருக்கிறது என்பதெல்லாம் காலையோடு போயிற்று. தன் கையிலிருந்து தன்னைக் காப்பாற்றக் கூடியது எது என்பதுதான் இப்போது கேள்வி.

"பெட்டி," என்றாள்.

போன வாரம் உதைக்கப் போனவள், அதைத் தானே துணியால் துடைத்துப் பையில் வைத்தாள்.

அரங்கத்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது. விளக்குகள் பாதி எரிந்தன. குழியில் எட்டுப் பேர், சினிமா பார்க்க வந்தவர்கள் போல, புதுசாக வருகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசைக்குழுவை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதுக்குமேல் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். துணைக்கு வந்த அம்மாவும் சின்னவனும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"எங்கே, பதினேழாம் பக்கம்," என்றாள் நடத்துகிறவள். எல்லாரும் தடுமாறும் இடத்திலிருந்துதான் அவள் ஆரம்பிப்பாள் போலிருக்கிறது.

பெரியவள் வாசித்தாள். மூன்று பெடல் வேலையை ஒரே மிதியில் முடித்தாள். கரகரப்பு நின்று, அலையும் எதிரொலியும் ஒரே நொடியில் விரிந்தன. குழியில் இருந்த டிரம்ஸ்காரர் புருவத்தைத் தூக்கினார். இன்னும் ஐந்து பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். ஐந்தும் சுத்தமாக வந்தது. மூன்றாம் வரிசையில் அம்மா, கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"நல்லா இருக்கு," என்றாள் நடத்துகிறவள். "ரொம்பவே நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. இந்த ஹால்ல நாற்காலி, திரை எல்லாம் துணி. ஆளும் நிறைஞ்சா கூர்மையெல்லாம் அதுலயே போயிடும். இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. எவ்வளவுன்னு நான் சொல்லத் தேவையில்லை, உங்க காதுக்கே தெரியும்."

பெரியவளின் கை பெட்டியின் திருகுக்குப் போனது. அங்கேயே நின்றது.

மூன்றாம் வரிசையில் சின்னவன் மெல்லக் கையைத் தூக்கினான். ஒரு விரல் காட்டினான். கொஞ்சம்தான் என்று அர்த்தம். அவள் திருக ஆரம்பித்தால், போதும் என்கிற இடத்தில் உள்ளங்கையைக் காட்டுவான். அதுவும் அவளுக்குப் புரிந்தது. அக்காவும் தம்பியும் சின்ன வயதில் சீட்டாட்டத்தில் மற்றவர்களை ஏமாற்றிய கை ஜாடைகள் ஏராளம்.

நூற்றுச்சொச்சம் காட்சிகள் நடக்கப்போகிற நாடகம். தினமும் மூன்றாம் வரிசையில் தம்பி உட்காருவானா?

அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"மேடம், இதை நான் செய்ய முடியாது. எனக்குக் கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் சரியாக் கேக்கலை. இன்னைக்குக் காலைலதான் எனக்கே தெரிஞ்சுது. இப்போ நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் வச்ச அளவு. இப்போ என் காதைக் கேட்டு வச்சேன்னா நீங்க எல்லாரும் காதைப் பொத்திக்குவீங்க."

சொல்லி முடித்ததும் அவள் கிட்டார் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

நடத்துகிறவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். புதுசாக ஒன்றைப் பார்க்கிறவளின் ஆர்வம்தான் இருந்தது.

"எதுவரைக்கும் கேக்குது?"

"தெரியாது மேடம். இதுவரைக்கும் பாத்ததில்லை."

"பாத்துடுவோம்." அவள் திரும்பிப் புல்லாங்குழல்காரரைப் பார்த்தாள். "உங்க குட்டிக் குழலை எடுங்க. அடில ஆரம்பிச்சு ஒவ்வொரு சுரமா மேல போங்க. ரொம்ப மெல்ல ஊதணும்." பெரியவளிடம் சொன்னாள்: "நீங்க திரும்பி உக்காந்துக்குங்க. கேக்கறவரைக்கும் கையைத் தூக்கியே வச்சிருங்க."

பெரியவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வலது கையைத் தூக்கினாள். குழல் மெல்ல ஏறியது. ஒரு சுரம், அடுத்தது, அதற்கு அடுத்தது. கை நின்றது. மேலே போகப் போக அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சின்னவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான். ஏழு, எட்டு, ஒன்பது. கை அப்படியே இருந்தது. அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இன்னும் நாலு சுரம் ஏறியது. கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது.

குழல்காரர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெரியவள் திரும்பினாள். குழல் இன்னும் உதட்டில் இருந்தது. அவருடைய விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. குழியில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்," என்றாள் நடத்துகிறவள். குழல் இறங்கியது.

"கிட்டார்ல அவ்வளவு மேல சுரம் கிடையாது," என்றாள் பிறகு. "வாசிக்கறதுக்குக் குறை ஒண்ணும் இல்லை. ஆனா நாடகம் நடக்கறப்போ, அங்கங்கே காதை மட்டும் நம்பி ஏத்தி இறக்கற இடம் வரும். அது எத்தனைன்னு பாக்கணும். ஒண்ணு ரெண்டுன்னா ஏதாவது வழி பண்ணலாம். அதுக்கு மேலன்னா என்கிட்ட கேக்காதீங்க."

அவள் இசைப் புத்தகத்தை மூடி, மறுபடி முதல் பக்கத்தைத் திறந்தாள். மொத்தம் தொண்ணூறு பக்கம். பென்சிலை வரிக்கு வரி நகர்த்தினாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். நாலாம் பக்கத்தில் பென்சில் நின்று, ஒரு சின்ன வட்டம் போட்டது. பெரியவள் அந்த வட்டத்தை அங்கிருந்தே பார்த்தாள்.

"நேரமாகும் போலிருக்கு," என்றாள் நடத்துகிறவள் தலையைத் தூக்காமல். "நீங்க வேணும்னா வெளில இருங்க, கூப்பிடறேன்."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள். குழி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள்.

"இருக்கட்டும்மா, நிதானமாப் பாருங்க. அவ இங்கேயேதான் உக்காந்திருப்பா."